எந்த எண்ணெய் என்பதற்கு முன், எவ்வளவு எண்ணெய்?

கேள்வியின் சுருக்கம் இது: வீட்டில் நான்கு பெரியவர்கள், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. மாதம் 5 லிட்டர் சூரியகாந்தி ரீஃபைண்டு எண்ணெயும் அரைக் கிலோ நெய்யும் செலவாகிறது. 62 வயது அப்பாவுக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 160, ட்ரைகிளிசரைடு (இரத்தத்தில் சுற்றும் கொழுப்பு) 240. ரீஃபைண்டை விட்டுச் செக்கு எண்ணெய்க்கு மாறலாமா, தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லதாமே, நெய்யை அடியோடு நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அளவைப் பார்ப்போம். உங்கள் வீட்டில் பெரிய சிக்கல் அங்கேதான். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 915 கிராம் எடை. 5 லிட்டரையும் அரைக் கிலோ நெய்யையும் கூட்டினால் மாதத்துக்கு 5 கிலோவைத் தாண்டுகிறது. நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 42 கிராம். அதாவது 380 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு 25 கிராமும் பெண்ணுக்கு 20 கிராமும் போதும் என்கிறது. இந்த அளவில் சமையல் எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் அடக்கம். கடலை, தேங்காய், பால், மீனுக்குள் இருக்கும் கொழுப்பு இதில் சேராது.

இரண்டு ஆண், இரண்டு பெண் என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 90 கிராம், மாதத்துக்கு 2.7 கிலோ. வெளியே சாப்பிடும் வடை, பிஸ்கட், ஓட்டல் தோசைக்காக ஆறில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது இரண்டேகால் லிட்டர் எண்ணெயும் 200 கிராம் நெய்யும். இப்போது வாங்குவதில் பாதிக்கும் குறைவு. இதைச் செய்யாமல் எந்த எண்ணெய்க்கு மாறினாலும் பெரிய பலன் இருக்காது. செக்கில் ஆட்டியதானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான்.

பாதியாகக் குறைப்பது கஷ்டமாகத் தோன்றும், ஆனால் அளந்து ஊற்றினால் முடியும். தினமும் காலையில் 75 மில்லி, அதாவது 5 மேசைக்கரண்டி எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வையுங்கள். அன்றைய சமையல் முழுவதும் அதற்குள். இரண்டு தோசைக்கு ஒரு தேக்கரண்டி என்றால் பன்னிரண்டு தோசைக்கு 30 மில்லி, அதுவே இரண்டு மேசைக்கரண்டி ஆகிவிடும். மீதி மூன்றில் குழம்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று, ரசம், சட்னித் தாளிப்புக்கு ஒன்று. இட்லி நாளில் கொஞ்சம் மிஞ்சும், அது புளிக்குழம்பு நாளுக்கு உதவும். வறுவலில் எண்ணெயை அதிகம் இழுப்பவை கத்தரிக்காயும் வெண்டைக்காயும். நறுக்கியதும் ஒரு கரண்டி எண்ணெயைக் கையால் பிசறி, சூடான வாணலியில் போட்டு மூடாமல் வதக்கினால் பாதி எண்ணெயில் வேலை முடியும். பீன்ஸ், கோஸ், கேரட்டைத் தண்ணீர் தெளித்து வேகவிட்டுக் கடைசியில் தாளித்துக் கொட்டலாம். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் காரக்குழம்பு ருசிதான், அதை மாதத்துக்கு ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயே இல்லாத சமையல் என்று ஒரு மோகம் கிளம்பியிருக்கிறது. அந்தப் பக்கமும் போகாதீர்கள். வைட்டமின் ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் உறிஞ்சப்படும். கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டின் உடம்பில் சேர, அந்த வேளைச் சாப்பாட்டில் 3 முதல் 5 கிராம் கொழுப்பாவது வேண்டும். அதாவது ஒரு தேக்கரண்டித் தாளிப்பு. அதோடு, உடம்பால் சொந்தமாகத் தயாரிக்க முடியாத கொழுப்பமிலங்கள் இரண்டு உண்டு: ஒமேகா-6 வகை லினோலெயிக், ஒமேகா-3 வகை ஆல்ஃபா லினோலெனிக். கொழுப்பு அறவே இல்லாத தீனி தின்ற எலிகளுக்குத் தோல் செதிலாக உரிந்து வளர்ச்சி நின்றுபோனதை அமெரிக்காவின் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி 1929இல் காட்டினார்கள். சில கொழுப்புகள் வெறும் எரிபொருள் அல்ல, சாப்பாட்டில் இருந்தே ஆகவேண்டியவை என்பது அப்போதுதான் தெளிவானது.

இனி அப்பாவின் எல்டிஎல். அதை ஏற்றுவதில் சாப்பாட்டுக் கொலஸ்ட்ராலைவிட, நெய்யிலும் தேங்காயிலும் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்புக்குப் பங்கு அதிகம். நிறைவுற்ற கொழுப்பு கூடினால், இரத்தத்திலிருந்து எல்டிஎல் துகள்களைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளைக் கல்லீரல் குறைத்துவிடுகிறது. பிடிக்க ஆளில்லாத துகள்கள் இரத்தத்திலேயே சுற்றுகின்றன. உலக சுகாதார நிறுவனம் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு வேண்டாம் என்கிறது. எல்டிஎல் ஏறியவர்கள் 7 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது. 1800 கலோரி சாப்பிடுபவருக்கு அது 14 கிராம்.

அந்த 14 கிராம் எங்கே போகிறது என்று பாருங்கள். பச்சை உறைப் பாலில் கொழுப்பு 4.5 விழுக்காடு. காபிக்கும் தயிருக்கும் சேர்த்து 300 மில்லி எடுத்தால் நிறைவுற்ற கொழுப்பு 9 கிராம் வந்துவிடும். தேங்காய்ச் சட்னிக்கும் பொரியலுக்குமாக அவர் தட்டில் 25 கிராம் தேங்காய்த் துருவல் விழுந்தால் 7 கிராம். ஒரு தேக்கரண்டி நெய்யில் 3 கிராம். இதற்குள்ளேயே 19 ஆகிவிட்டது. சமையல் எண்ணெய் ஒரு நாளைக்கு 15 கிராம் என்றால், அது சூரியகாந்தியானால் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றே முக்கால் கிராம், நல்லெண்ணெயானால் 2 கிராம், கடலை எண்ணெயானால் 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எந்தப் புட்டியை வாங்குவது என்று வீட்டில் நடக்கும் சண்டை முழுவதும் ஒரு கிராமுக்காகத்தான். பச்சை உறைக்குப் பதில் 3 விழுக்காட்டு நீல உறைப் பாலை வாங்கினால் 3 கிராம் குறையும். தேங்காய்ச் சட்னியை வாரம் நான்கு நாள் தக்காளி, வெங்காயம், கொத்தமல்லிச் சட்னியாக மாற்றினால் அந்த நாட்களில் 7 கிராம் வரை குறையும். கணக்கு அங்கேதான் மாறுகிறது.

தேங்காய் எண்ணெய் மட்டும் விதிவிலக்கு. அதில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. அன்றாடச் சமையலுக்கு அந்த 15 கிராமும் தேங்காய் எண்ணெயாக இருந்தால் 13 கிராம், அப்பாவின் ஒரு நாள் அளவு ஏறக்குறைய அதோடே தீர்ந்தது. இதில் பாதி லாரிக் அமிலம், அது ‘நடுத்தரச் சங்கிலி’ கொழுப்பு, உடனே எரிந்துவிடும் என்று சொல்வார்கள். அப்படி நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிபவை பெரும்பாலும் சங்கிலியில் 8, 10 கார்பன் உள்ளவை, தேங்காய் எண்ணெயில் அவை கொஞ்சம்தான். 12 கார்பன் உள்ள லாரிக் பெரும்பாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே இரத்தத்துக்குள் வருகிறது. மனிதர்களிடம் நடந்த 16 சோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை ஏறக்குறைய 10 மி.கி. ஏற்றியது, எச்டிஎல்லை (நல்ல கொலஸ்ட்ரால்) 4 மி.கி. ஏற்றியது. எச்டிஎல் ஏறுகிறதே என்று சிலர் மகிழ்வார்கள். அது ஏறுவதால் மாரடைப்பு குறைகிறது என்பது நிரூபணமாகவில்லை, எல்டிஎல் ஏறினால் கூடுகிறது என்பது நிரூபணமானது. அவியலுக்குக் கடைசியில் ஒரு தேக்கரண்டி ஊற்றுவதில் தவறில்லை. அப்பாவின் மருந்தாக நினைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வைக்காதீர்கள்.

சூரியகாந்தி எண்ணெய் விஷம், ஒமேகா-6 வீக்கத்தை உண்டாக்கும் என்று வரும் காணொளிகளை நம்பிப் பதற வேண்டாம். லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்த மனிதச் சோதனைகளில், வீக்கத்தைக் காட்டும் இரத்தக் குறியீடுகள் ஏறவில்லை. நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் அதை வைத்தால் எல்டிஎல் இறங்கவே செய்கிறது. சூரியகாந்தியின் குறை வேறு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒமேகா-6, ஒமேகா-3 ஏறக்குறைய இல்லை. அதை மட்டுமே பல வருடம் ஊற்றுகிற வீட்டில் ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் காலியாகிறது. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் எல்டிஎல்லை ஏற்றாத ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு 40 முதல் 50 விழுக்காடு, ஒமேகா-6 மிதமான அளவு. நம் சமையலுக்கு இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வாங்குவதே என் பரிந்துரை. சூரியகாந்தியையே தொடர விரும்பினால் தவிட்டெண்ணெயோடு மாதம் மாறி மாதம் வாங்கலாம்.

ஒமேகா-3ஐ இந்த எண்ணெய்கள் எதிலும் தேடிப் பயனில்லை. அசைவம் சாப்பிடுபவர்கள் என்றால் வாரம் இரண்டு நாள் மத்தி அல்லது கானாங்கெளுத்தி, குழம்பாக. தென்மாவட்டங்களில் மத்தியைச் சாளை என்பார்கள். 100 கிராமில் ஏறக்குறைய ஒரு கிராம் அளவுக்கு நீண்ட சங்கிலி ஒமேகா-3 இருக்கும், பருவத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் விலையில் கால் பங்கு கூட ஆகாது, என்ன காரணத்தாலோ விருந்துக்கு யாரும் சாளை வாங்குவதில்லை. சைவம் என்றால் ஆளி விதை. ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் ஒன்றரை கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், ஒரு நாளைக்கு அது போதும். முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும், அரைத்தே ஆகவேண்டும். லேசாக வறுத்து அரைத்து இட்லிப் பொடியில் கலக்கலாம். பத்து நாளைக்கானதை மட்டும் அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அதற்கு மேல் சிக்கு வாடை வந்துவிடும்.

செக்கா, ரீஃபைண்டா? கொழுப்பமிலங்களின் விகிதம் இரண்டிலும் ஒன்றுதான். சுத்திகரிப்பில் பசை நீக்கி, காரத்தால் அமிலம் போக்கி, களிமண்ணால் நிறம் வெளுத்து, 200 டிகிரிக்கு மேல் ஆவி பாய்ச்சி வாடை எடுக்கிறார்கள். அந்தச் சூட்டில் வைட்டமின் இ கொஞ்சம் போகும், சிறிதளவு டிரான்ஸ் கொழுப்பும் உருவாகும். நல்லெண்ணெயைக் கெடாமல் காக்கும் செசமின், செசமோலின் போன்றவை செக்கு எண்ணெயில் முழுதாக நிற்கும். மணம் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை செக்கின் பக்கம். மறுபக்கம், பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும், அது கல்லீரலுக்குக் கெடுதல், புற்றுநோய் வரை போகும். சுத்திகரிப்பின் காரக் கட்டத்தில் அது பெருமளவு நீங்கிவிடும், செக்கில் நீங்க வழியில்லை. ஆகவே செக்கு எண்ணெயின் தரம் அதில் போடும் பருப்பின் தரம்தான். ஆட்டுமிடத்தில் பருப்பைக் காட்டச் சொல்லுங்கள். சுருங்கியது, கருத்தது, பச்சைப் பூஞ்சை தெரிவது கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கலப்படத்துக்கு எளிய சோதனை விலைதான். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். சந்தையில் பருப்பு என்ன விலை என்று விசாரித்துப் பெருக்கிப் பாருங்கள். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும் அந்தத் தொகைக்குக் கீழே எண்ணெய் விற்றால் அதில் பாமாயில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அளவுக்கு அடுத்தபடி உங்கள் வீட்டில் திருத்த வேண்டியது சூடு. அப்பளமும் பூரியும் பொரித்த எண்ணெயைத் தூக்கில் வைத்து மறுவாரமும் காய்ச்சும் பழக்கம் எந்த எண்ணெயையும் கெடுக்கும். காய்ந்த எண்ணெயில் மூன்று காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மாவிலிருந்து வரும் ஈரம் கொழுப்பை உடைத்துத் தனி அமிலங்களை விடுவிக்கிறது, அதனால் எண்ணெய் முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் நிறைவுறாக் கொழுப்பைத் தாக்கி ஆல்டிஹைடுகளை உண்டாக்குகிறது, புகையில் கண் எரிவது அக்ரோலினால். உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகின்றன, வாணலி விளிம்பில் சுரண்டினாலும் போகாமல் ஒட்டியிருக்கும் பழுப்புப் பிசுக்கு அதுதான். இந்தக் கெட்ட பொருள்களுக்கு மொத்த முனைவுச் சேர்மங்கள் என்று பெயர். அவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. பொரிக்கும்போது எழும் நுரை பண்டத்தை எடுத்த பிறகும் அடங்காமல் இருந்தாலோ, எண்ணெய் தடித்து இழைபோல ஒழுகினாலோ, வழக்கமான தீயிலேயே புகை வந்தாலோ அது முடிந்துவிட்டது.

புகைநிலை உயர்ந்த எண்ணெய் பொரிக்கச் சிறந்தது என்ற கருத்து பாதிதான் சரி. ரீஃபைண்டு சூரியகாந்தி 225 டிகிரியை ஒட்டித்தான் புகையும், ஆனால் அதில் ஒமேகா-6 மிகுதி என்பதால் புகையாமலேயே உள்ளுக்குள் வேகமாகச் சிதைகிறது. செக்குக் கடலை எண்ணெய் சீக்கிரம் புகைந்தாலும் சிதைவு மெதுவாகத்தான். எப்போதாவது ஒருமுறை பொரிக்க ரீஃபைண்டு கடலை எண்ணெயோ தவிட்டெண்ணெயோ எடுத்துக்கொள்ளலாம்.

பொரிக்கும் நாளில் வாய் குறுகி ஆழமான சிறிய வாணலியில் 300 மில்லி மட்டும் ஊற்றுங்கள். சூடு 170 முதல் 180 டிகிரி போதும். துளி மாவைப் போட்டால் அடியில் தங்காமல் இரண்டு, மூன்று விநாடியில் எழும்பி வரவேண்டும், உடனே கருகக் கூடாது. சூடு போதாமல் போட்டால் மேலோடு இறுக நேரமாகி, பூரி எண்ணெயை உறிஞ்சும். ஒரே நேரத்தில் நிறையப் போட்டாலும் அதே கதை. எடுத்தவுடன் வடியவிடுங்கள், ஒட்டிய எண்ணெயில் பெரும்பகுதி ஆறும்போதுதான் உள்ளே இழுக்கப்படுகிறது. மிஞ்சிய எண்ணெயை ஆறியதும் துணியில் வடிகட்டி எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி வைத்து, இரண்டு நாளுக்குள் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். இரும்பு வாணலியிலேயே விட்டு வைப்பது, பழைய எண்ணெயோடு புதியதைக் கலப்பது இரண்டும் கூடாது. இரும்பும் பழைய எண்ணெயின் சிதைவுப் பொருளும் புதியதையும் சேர்த்துக் கெடுக்கும்.

டால்டா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பேக்கரிப் பலகாரம் வீட்டுக்கு வருகிறது என்பதால் ஒரு வார்த்தை. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி உறைய வைக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லை இறக்கும். கலோரியில் 2 விழுக்காடு அதிலிருந்து வந்தாலே இதயநோய் வாய்ப்பு ஏறக்குறைய 23 விழுக்காடு கூடுவதாக 2006இல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. இந்தியாவில் 2022 ஜனவரி 1 முதல் கொழுப்பில் 2 விழுக்காட்டுக்கு மேல் டிரான்ஸ் இருக்கக் கூடாது. பெரிய நிறுவனங்கள் மாறிவிட்டன. ஆனால் அதற்குப் பதில் வருவது பாமாயிலின் கெட்டிப் பகுதி, அது நிறைவுற்ற கொழுப்பு. உறையின் முன்பக்கம் ‘டிரான்ஸ் இல்லை’, ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று இருப்பதைப் பார்க்காமல் பின்பக்கம் 100 கிராமுக்கு நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் எப்போதுமே இருந்ததில்லை, அதை விளம்பரமாக எழுதுவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

நெய்யை நிறுத்த வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள், அதுவும் தேங்காய் இல்லாத நாளில். குழந்தையின் கணக்கு முற்றிலும் வேறு. தாய்ப்பாலின் கலோரியில் பாதியளவு கொழுப்பிலிருந்துதான் வருகிறது. இரண்டு வயது வரை கொழுப்பைக் குறைக்கக் கூடாது. சின்ன வயிற்றில் பருப்புச் சோறு கொஞ்சம்தான் கொள்ளும், அதில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டால்தான் தேவையான கலோரி சேரும். வீட்டில் எல்லோருக்கும் எண்ணெயைக் குறைக்கிறோம் என்று குழந்தைக்கும் கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக ட்ரைகிளிசரைடு 240. அதுவும் ஒரு கொழுப்பு என்பதால் எண்ணெயைப் பழிப்பார்கள், ஆனால் நம்மிடம் அதை ஏற்றுவது பெரும்பாலும் சோறும் சர்க்கரையும். மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுகிறது. மது இருந்தால் இன்னும் ஏறும். எண்ணெயைக் குறைத்த இடத்தில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தால் எல்டிஎல் கொஞ்சம் இறங்கி ட்ரைகிளிசரைடு ஏறிவிடும். அந்த இடத்தில் சுண்டலோ பருப்போ முட்டையோ ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ வையுங்கள், மதியச் சோற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காயை இரட்டிப்பாக்குங்கள். சர்க்கரை அளவையும் தைராய்டையும் பார்த்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள், இரண்டுமே ட்ரைகிளிசரைடை ஏற்றக்கூடியவை. 500க்கு மேல் போனால் கணைய அழற்சி வரும் அபாயம் உண்டு, அப்போது இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, மருத்துவர் சொல்லும் கடுமையான கொழுப்புக் குறைப்புதான்.

இந்த மாற்றங்களைச் செய்து எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து, 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து மறுபடி இரத்தம் பாருங்கள். சாப்பாட்டால் மட்டும் எல்டிஎல் பெரும்பாலும் 10 முதல் 15 விழுக்காடு இறங்கும், 160 என்பது 140ஐ ஒட்டி வரும். அப்பாவுக்குச் சர்க்கரையோ பழைய இதயப் பிரச்சினையோ இருந்தால் அந்த 140 போதவே போதாது, மாத்திரை தேவைப்படும். ஏற்கெனவே மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் எண்ணெயை மாற்றிவிட்டோம் என்று அதை நிறுத்த வேண்டாம்.